கோயில் மண்டபத்துக்கு இணையம்: சிம்மா, டிஷ்ஷா, பாலமா, கேபிளா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் முடிந்து செம்பனைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் ஒரு மாரியம்மன் கோயில். அதை ஒட்டி ஒரு மண்டபம். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளை) விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் கோயிலை மட்டும் விடவில்லை. திருவிழாவும் அங்கேதான், பிள்ளைகளின் மாலை வகுப்பும் அங்கேதான். இப்போது மண்டபத்துக்கு இணையம் வேண்டும் என்கிறார்கள் நிர்வாகத்தினர். ஈப்போவில் இருக்கும் கணித ஆசிரியை காணொளியில் பாடம் நடத்த வேண்டும். பதினைந்து பிள்ளைகள் மடிக்கணினியில் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தைத் திறந்து பயிற்சி செய்ய வேண்டும். உண்டியலைப் பார்த்தபடி நான்கு கேமரா ஓட வேண்டும், அதைத் தலைவர் வீட்டிலிருந்தே கைப்பேசியில் பார்க்க வேண்டும்.

ஃபைபர் (கண்ணாடி இழை இணையம்) தாமானின் கடைசி வரிசை வீடுகளோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மண்டபத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர். உங்கள் இடத்தில் வாசல்வரை ஃபைபர் வருமென்றால் மேலே படிக்க வேண்டாம், விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். வராதவர்களுக்கு நான்கு வழி உண்டு. சிம் போட்ட ரூட்டர் ஒன்று. கூரையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்தின் டிஷ் இன்னொன்று. தாமானில் ஒரு வீட்டில் ஃபைபர் எடுத்து, அங்கிருந்து மண்டபத்துக்கு ஒயர்லெஸ் பாலம் போடுவது மூன்றாவது. அதே வீட்டிலிருந்து கேபிளே இழுத்துவிடுவது நான்காவது. ஊரில் கணினி, கேமரா வேலை பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

வேகத்தைக் கடைசியில் கேளுங்கள்

தலைவர் முதலில் கேட்டது, "தம்பி, இதுல எது ஸ்பீடு?" விளம்பரப் பலகைகள் எல்லாம் அதை மட்டுமே சொல்கின்றன, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசிரியை ஒருவர் புரொஜெக்டரில் தெளிவாகத் தெரிய 3 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேக அளவு) தாராளம். பிள்ளைகள் பயிற்சிப் பக்கங்களைத் திறக்க இன்னும் பத்து, பதினைந்து. கேமராப் பதிவு மண்டபத்திலேயே உள்ள பதிவுப் பெட்டியில் தங்கிவிடும், அதற்கு இணையமே வேண்டாம். ஆக 20 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் வேலை நடக்கும். நான்கு வழியில் எதை எடுத்தாலும் நல்ல நாளில் அந்த அளவு கிடைக்கும்.

பார்க்க வேண்டியவை வேறு மூன்று. போகிற வழியில் தரவு தொலைகிறதா, தாமதம் ஏறி இறங்குகிறதா, வெளியிலிருந்து உள்ளே வர வழி இருக்கிறதா. இந்த மூன்றையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. காணொளியோ கடிதமோ, 1,500 பைட்டுக்குள் அடங்கும் சின்னப் பொட்டலங்களாக உடைந்துதான் போகும். ஐபி என்கிற நெறிமுறை பொட்டலத்தின் மேல் உள்ள முகவரியைப் பார்த்து அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிடும். போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்காது. நெரிசலானால் நடுவில் இருக்கும் ரூட்டர் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடும், யாருக்கும் சொல்லவும் செய்யாது. இந்தப் பொறுப்பில்லாத அடித்தளத்தின் மேல் இரண்டு நெறிமுறைகள் உட்கார்ந்திருக்கின்றன. யூடிபி 1980இல் வந்தது, அதை வரையறுத்த ஆவணம் வெறும் மூன்று பக்கம். டிசிபியின் ஆவணம் 1981இல் வந்தது, 2022இல் அதைத் திருத்தித் தொகுத்துப் புதிதாக வெளியிட்டார்கள்.

தோட்டத்தில் காலைப் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று பிடிபடும். கிராணி (தோட்டக் கணக்கர்) வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். பதில் வராத பெயரை மறுபடி கூப்பிடுவார், அது தீராமல் அடுத்த வேலைக்குப் போகமாட்டார். அது டிசிபி. ஆள் ஏற்றும் லாரியோ நேரமானதும் கிளம்பிவிடும், வராதவன் வராதவன்தான். அது யூடிபி. டிசிபி ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு அனுப்பும். "வந்தது" என்று மறுமுனை சொல்லாததை மறுபடி அனுப்பும். நடுவில் ஒன்று குறைந்தால் பின்னால் வந்தவை அதற்காகக் காத்திருக்கும். கோப்பு இறக்குவதற்கும், தேர்வு விடையை அனுப்புவதற்கும், வங்கிக்கும் இதுதான் சரி. ஓர் எழுத்துகூடக் குறையக் கூடாது.

ஆசிரியையின் குரலுக்கு இது ஒத்துவராது. காணொளி வகுப்பில் குரல் பெரும்பாலும் ஓபஸ் என்கிற முறையில், 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலமாக, விநாடிக்கு ஐம்பது போகிறது. ஒன்று தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்குவதற்குள் அவர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். அதனால் யூடிபியில் அனுப்பி, தொலைந்த இடத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. பேச்சு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், "சொல்லுங்க, சொல்லுங்க" என்று விட்டுக்கொடுப்பதும் தொடங்கும்.

"யூடியூப் நல்லாத்தானே ஓடுது, கிளாஸ் மட்டும் ஏன் விட்டு விட்டு வருது?" என்று பெற்றோர் கேட்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. யூடியூப் அரை நிமிடத்துக்குத் தேவையானதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது, நடுவில் தொலைந்ததை மறுபடி வாங்க அதற்கு நேரம் இருக்கிறது. ஆசிரியை இனிமேல் பேசப்போவதை யாரும் முன்கூட்டி வாங்க முடியாது. (யூடிபி என்றாலே திரும்ப அனுப்பாது என்றும் நினைக்க வேண்டாம். 2021இல் தரப்படுத்தப்பட்ட குயிக் நெறிமுறை யூடிபியின் மேலேறி, திரும்ப அனுப்பும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. கூகள் தளங்கள் பெரிதும் அதில்தான் ஓடுகின்றன.)

டிசிபி மட்டும் தப்பிவிடுமா? அதுவும் இல்லை. பொட்டலம் தொலைந்தால் வழி நெரிசலாகிவிட்டது என்று எண்ணி அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய வகை டிசிபிக்கு 1997இல் மாதிஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி, நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைந்து, போய்வர 50 மில்லிவிநாடி ஆனால், ஓர் இணைப்பு ஏறத்தாழ 3 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. நீங்கள் 300 எம்பிபிஎஸ்ஸுக்குக் காசு கட்டியிருந்தாலும் சரி. போய்வரும் நேரம் 10 மில்லிவிநாடியாக இருந்தால் அதே இழப்பில் 14 வரை போகும். இப்போதைய கணினிகளில் உள்ள டிசிபி இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, இருந்தாலும் போக்கு மாறவில்லை. விளம்பரத்தில் போடாத இந்த இரண்டு எண்கள்தான் வகுப்பை நடத்தும் அல்லது கெடுக்கும்.

மூன்றாவது, உள்ளே வரும் வழி. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் நிறைய வாடிக்கையாளர்களை நிறுத்துகின்றன. சிஜிநாட் என்பது இதுதான். நீங்கள் வெளியே போகலாம், பதில் உங்களுக்குத் திரும்பி வரும். ஆனால் வெளியிலிருந்து யாராவது முதலில் கதவைத் தட்டினால், உள்ளே இருக்கும் பலரில் யாருக்கு என்று தெரியாமல் அந்தப் பொட்டலம் அங்கேயே விழுந்துவிடும். தலைவர் வீட்டிலிருந்து கேமராவைத் திறப்பது அப்படித் தட்டுகிற வேலை. உங்கள் இணைப்பு அப்படிப்பட்டதா என்று பார்ப்பது எளிது. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வான் (WAN) முகவரியை, அதாவது வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள ஏதோ ஒன்றில் தொடங்கினால் சிஜிநாட்தான். 10இல் தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதை.

சிம் ரூட்டர்

கடையில் வாங்கி, சிம்மைப் போட்டு, பிளக்கில் சொருகினால் அன்று மாலையே வகுப்பு தொடங்கிவிடலாம். யாரிடமும் அனுமதி வேண்டாம், பள்ளம் தோண்ட வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே முக்கால்வாசிப் பேர் இதில் நின்றுவிடுகிறார்கள். அதில் தப்பும் இல்லை, ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அலைக்கோபுரத்தின் கொள்ளளவை அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் பங்கு போடுகின்றன. காலை பத்து மணிக்குச் சோதித்தால் அருமையாக இருக்கும், தோட்டத்தில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். வகுப்பு நடப்பது மாலையில், ஊரே வீட்டில் இருக்கும் நேரம். இன்னொன்று, 4ஜியும் 5ஜியும் காற்றில் தொலைந்ததைக் கோபுரத்துக்கும் ரூட்டருக்கும் இடையிலேயே மறுபடி அனுப்பிச் சரிசெய்துவிடும். அதனால் இழப்பு குறைவாகத் தெரியும், அதற்குப் பதிலாகத் தாமதம் குதிக்கும். ஒரு பொட்டலம் 35 மில்லிவிநாடி, அடுத்தது 180. குரல் நசுங்கிப்போய்க் கேட்பதற்கு அது போதும்.

ஆகவே ரூட்டர் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, வகுப்பு நேரத்தில், மண்டபத்துக்குள்ளேயே உட்கார்ந்து 1.1.1.1 முகவரிக்கு ஒரு கால் மணி நேரம் தொடர்ந்து பிங் விடுங்கள் (ஒரு சின்னப் பொட்டலம் போய்வர எத்தனை மில்லிவிநாடி என்று காட்டும் கட்டளை அது). சராசரியைப் பார்க்காதீர்கள். மிகக் கூடிய எண் எவ்வளவு, எத்தனை தொலைந்தது என்று பாருங்கள். மழை பெய்யும் ஒரு மாலையிலும் இதைச் செய்யுங்கள். இரண்டு மூன்று நிறுவனத்துச் சிம்களை இரவல் வாங்கியாவது போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே இடத்தில் ஒன்று நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பது தோட்டப் பக்கத்தில் சர்வ சாதாரணம்.

தரவு அளவும் ஒரு கணக்கு. 3 எம்பிபிஎஸ் வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி. வாரம் மூன்று மாலை, இரண்டிரண்டு மணி நேரம் என்றால் மாதம் 32 ஜிபி சுமார், பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு கேமராவின் 2 எம்பிபிஎஸ் படத்தை இரவு பகலாக வெளி சர்வருக்கு அனுப்பினால் மாதம் 648 ஜிபி. நான்கு கேமராவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். "கிளவுட்ல சேவ் பண்ணிடலாம் அண்ணே" என்று கேமரா விற்பவர் சொன்னால், எந்த லைனில் என்று கேளுங்கள்.

ஸ்டார்லிங்க்

2023 ஜூலையில் மலேசியாவில் தொடங்கியபோது மாதக் கட்டணம் 220 ரிங்கிட், கருவி 2,300 ரிங்கிட். விலையும் திட்டங்களும் அதன்பின் மாறிவிட்டன, வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் என்றாலே தாமதம் என்ற பழைய எண்ணம் இதற்குப் பொருந்தாது. பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்திலேயே போய், பதிலும் திரும்பி வர அரை விநாடி ஆகிவிடும். ஸ்டார்லிங்கினுடையவை ஏறத்தாழ 550 கிலோமீட்டரில் பறப்பதால் போய்வர 25 முதல் 60 மில்லிவிநாடிக்குள் முடிகிறது. வகுப்புக்கு இது போதும்.

எனக்கு இதில் இரண்டு தயக்கம். முதலாவது மழை. டிஷ்ஷுக்குக் கீழே வரும் அலை 10.7 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மழைத்துளி அலையை விழுங்கத் தொடங்கும். பேராக்கில் மதியம் திரண்டு மாலையில் கொட்டும் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண மழை பரவாயில்லை, எதிர்வீடு தெரியாத மழையில் சில நிமிடம் நின்றுவிடும், அது வகுப்பு நேரமாகவே இருக்கும். இரண்டாவது, இதுவும் சாதாரணத் திட்டத்தில் சிஜிநாட்தான். அப்புறம் வானம் அகலமாகத் தெரிய வேண்டும். மண்டபத்துப் பின்னால் செம்பனை ஓலை தலைக்கு மேல் வந்து நிற்கிறதென்றால் கூரை உச்சிக்குத்தான் ஏற்ற வேண்டும்.

ஊரிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, ஃபைபரும் இல்லை, கோபுரமும் எட்டவில்லை என்கிற தோட்டத்து லயங்களுக்கு இதுதான் வழி, யோசிக்கவே வேண்டாம். 400 மீட்டரில் ஃபைபர் நிற்கும் இடத்துக்கு இது கொஞ்சம் அதிகம்.

ஒயர்லெஸ் பாலம்

தாமான் வீட்டுக் கூரையில் ஒன்று, மண்டபக் கூரையில் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி. 5.8 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இந்த ஜோடி 400 மீட்டரை அநாயாசமாகக் கடக்கும். சிரிம் நிறுவனத்தின் தரச் சான்றும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் உள்ளதாக வாங்குங்கள். மழை இதற்கு ஒரு பொருட்டில்லை, இந்த அலைவரிசையில் இந்தத் தூரத்துக்கு இழப்பு மிகச் சிறியது. 60 கிகாஹெர்ட்ஸ் பாலங்களும் வேகம் என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அந்த அலையைக் காற்றில் உள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு 15 டெசிபல் அளவில் குடித்துவிடும், அதன்மேல் நம் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பாலத்துக்கு எதிரி மரம். நேர்கோட்டில் எதிர்ப்பெட்டி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அலை நூல் மாதிரி போவதில்லை, நடுவில் பருத்துத்தான் போகும். 400 மீட்டரில் சரிபாதித் தூரத்தில் அந்தப் பருமனின் ஆரம் 2.3 மீட்டர் சுமார். அதில் அறுபது விழுக்காடாவது காலியாக இருக்க வேண்டும், அதாவது கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு ஓலை நுழையக் கூடாது. காய்ந்த ஓலையே தடுக்கும், நனைந்த ஓலை சுவர் மாதிரி.

செம்பனை நிற்கிற இடத்தில் நிற்காது. ஆண்டுக்கு அரை மீட்டர் சுமாராக உயரும். 25 ஆண்டு வாக்கில் குலை வெட்டக் கழி எட்டாத உயரத்துக்குப் போனதும் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். அதனால் பாலம் போடும் முன் தோட்ட அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடுவில் இருக்கும் அந்தப் பகுதி எந்த ஆண்டு நட்டது? போன ஆண்டு நட்டது என்றால் இன்றைக்குக் காட்சி அற்புதமாக இருக்கும், சில ஆண்டில் மறைந்துவிடும். நல்ல முதிர்ந்த மரம் என்றால் இன்றைக்கு மறைக்கும், கொஞ்சம் பொறுத்தால் வெட்டவெளி. எங்கள் கோயிலுக்கும் தாமானுக்கும் இடையில் இருப்பது இளங்கன்று.

உயரத்துக்குக் கோபுரம் இருக்கிறதே, கலசத்துப் பக்கத்தில் மாட்டிவிடலாமே என்று நிர்வாகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். குருக்களின் முகத்தைப் பார்த்ததும் அவரே அதை விட்டுவிட்டார். எனக்கு நிம்மதி. ஆகமம் ஒரு பக்கம் இருக்கட்டும், இடி முதலில் தேடுகிற இடத்தில் மின்கருவியை மாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

பாலம் ஒயர்லெஸ் என்றாலும் கூரைப் பெட்டிக்குத் தரவும் மின்சாரமும் ஒரே யூடிபி கேபிளில்தான் ஏறுகின்றன. (மேலே சொன்ன யூடிபி நெறிமுறை வேறு, இந்த முறுக்கிய செம்புக் கம்பி வேறு, பெயர்தான் நம்மைக் குழப்புகிறது.) ஆகவே கூரையிலிருந்து இறங்கும் செம்புக்கு மின்னல் தடுப்பானும் ஒழுங்கான எர்த்தும் அவசியம். மின்சாரம் தரும் முறையும் பார்க்க வேண்டும். சில பெட்டிகள் 24 வோல்ட் நேரடியாக எடுக்கும், சில கேபிள்வழி மின்சாரத்துக்கான 802.3ஏஎஃப் தரப்படி கேட்டு வாங்கும். மாற்றிச் சொருகினால் ஒன்று வேலை செய்யாது, இல்லை கருகும்.

கேபிள்

கேபிள் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது சாதாரண லான் கம்பி, கேட்5இ அல்லது கேட்6. அதற்கு எல்லை 100 மீட்டர். 400 மீட்டருக்கு நடுவில் மூன்று இடத்தில் சுவிட்ச் வைக்க வேண்டும், செம்பனைக்கு நடுவில் அதற்கு மின்சாரத்தை யார் கொடுப்பது? தூரம் 80 மீட்டராக இருந்தாலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் செம்புக் கம்பி போட நான் சம்மதிக்க மாட்டேன். உலகில் இடிமின்னல் மிக அதிகமான நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இடி கம்பியின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்பில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி எர்த் இருப்பதால், ஒரு பக்கத்து மண்ணின் மின்னழுத்தம் அந்த நொடியில் ஏறி, கம்பி வழியே மறுபக்கத்துக் கருவிகளைத் தேடிப் போகும். இடி மழைக்கு மறுநாள் காலையில் என் மேசைக்கு வரும் சுவிட்சுகளிலும் பதிவுப் பெட்டிகளிலும் கருகியது பெரும்பாலும் கேபிள் சொருகும் துளைகள்தான்.

ஃபைபர் கேபிளில் போவது வெளிச்சம். கண்ணாடிக்கு மின்சாரம் தெரியாது. ஒற்றைமுறை ஃபைபரில் ஒரு கிகாபிட் பல கிலோமீட்டர் சாதாரணமாகப் போகும், 400 மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. கேபிளின் விலையும் இப்போது பயப்படுகிற அளவில் இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. தொங்கவிட உதவுவதற்காகச் சில கேபிளோடு எஃகுக் கம்பி ஒட்டிக்கொண்டு வரும். அது இருந்தால் மின்னலுக்குப் பயந்து ஃபைபர் போட்டதன் பயன் பாதி போய்விடும். உலோகமே இல்லாத வகை கேளுங்கள். இரண்டு முனையிலும் வெளிச்சத்தை லானாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வேண்டும். ஒரே இழையில் இரு திசையும் போகும் வகையில், ஒரு பெட்டி 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மறுபெட்டி அப்படியே தலைகீழ். அதனால் அவை ஏ, பி என்று ஜோடியாக வரும். இரண்டும் ஏ ஆகிவிட்டால் விளக்கு எரியவே எரியாது. முனைச் சொருகியின் நிறத்தையும் பாருங்கள். நீலம் தட்டையாக இழைத்தது, பச்சை 8 பாகை சாய்வாக இழைத்தது. பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போகும், ஆனால் முகங்கள் ஒட்டாமல் வெளிச்சம் வீணாகும், சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. கண்டுபிடிக்க மிகச் சிரமமான கோளாறு இது.

மின்னலுக்குப் பயமில்லாத ஃபைபருக்கு எலியிடம் பயம் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி கட்டி வைத்திருப்பதே எலிக்காகத்தான், அது பழத்தோடு நிறுத்திக்கொள்ளாது, கேபிளையும் கடிக்கும். கெட்டியான பாலி பைப்புக்குள் விட்டு, ஒரு முழத்துக்குக் குறையாமல் பள்ளம் வெட்டிப் புதைத்துவிடுங்கள். புல் வெட்டுகிறவரின் இயந்திரத்துக்கும் அதுவே பாதுகாப்பு. பைப்புக்குள் ஒரு நைலான் கயிறும் சேர்த்து விட்டுவைத்தால் பின்னொரு நாள் புதுக் கேபிள் இழுக்க மறுபடி தோண்ட வேண்டாம்.

இதில் உண்மையான தடை தொழில்நுட்பம் இல்லை, நிலம். பொதுச் சாலையைக் கடந்தால் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும், அது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்து நிலம் என்றால் நிர்வாகியின் கடிதம் போதும்.

எங்கள் மண்டபத்துக்கு எது

தாமான் கடைசி வீட்டிலிருந்து கோயில்வரை வடிகால் ஓரமாகவே போகலாம், பொதுச் சாலை குறுக்கே வரவில்லை. நடுவில் இளங்கன்று, பாலம் போட்டால் சில ஆண்டில் கம்பத்தை உயர்த்த வேண்டிவரும். ஆகவே ஃபைபர் கேபிள் என்று சொல்லிவிட்டேன். நிர்வாகி கடிதம் தர இழுத்தடித்தால் பாலம். ஸ்டார்லிங்க் இந்த இடத்துக்கு வேண்டாம். சிம் ரூட்டரை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் படுத்தால் வகுப்பு மட்டும் அதில் ஓடட்டும், கேமராப் பதிவு எப்படியும் உள்ளேயே இருக்கிறது.

மண்டபத்துப் பக்கம் ஒரு ரூட்டர் வைத்து அதைத் தனி வலையமைப்பாகப் பிரித்துவிடுவது நல்லது. வீட்டு ரூட்டர் 192.168.0 என்று தொடங்கும் முகவரி வரிசையில் இருந்தால் மண்டபம் 192.168.50 வரிசையில் இருக்கட்டும். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று மண்டபத்து ரூட்டர் குழம்பிவிடும். மண்டபத்திலிருந்து வீட்டு வரிசைக்குப் போகும் வழியை மண்டபத்து ரூட்டரில் அடைத்துவிடுங்கள். ரூட்டர் வைத்தால் மட்டும் அது தானாக அடைபடாது, அடைக்காவிட்டால் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிரிண்டரில் படம் அச்சடித்து விளையாடுவார்கள்.

வேகத்தைப் பங்கிடுவதும் அந்த ரூட்டரின் வேலை. ஒரு பையன் விளையாட்டு விழாக் காணொளியை மேலேற்றத் தொடங்கினால், ரூட்டரின் காத்திருப்பு வரிசை நிரம்பி, ஆசிரியையின் குரல் அதன் வாலில் நின்று வரும். தாமதம் பத்திலிருந்து பல நூறு மில்லிவிநாடிக்கு ஏறிவிடும். எஃப்க்யூ-கோடெல் என்கிற வரிசைமுறை, 2018இல் ஆவணமாக வந்தது, ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து இதைத் தீர்க்கிறது. அது உள்ள ரூட்டராகப் பார்த்து வாங்கி, வேக வரம்பை உண்மையான வேகத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு வையுங்கள். பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுக்கத் தலைவருக்கு மனமில்லை. வகுப்பு ஓடும்போது காட்டினால் ஒத்துக்கொள்வார்.

கேமராவைப் பார்க்க ரூட்டரில் துளை போட (வெளியிலிருந்து நேராக நுழைய வழி திறந்துவிட) வேண்டாம், சிஜிநாட் இல்லாவிட்டாலும். உலகத்துக்கே திறந்த கேமராவைத் தேடிப் பிடிப்பதற்கென்றே நிரல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒயர்கார்ட் மாதிரி, மறையாக்கம் செய்த ஒரு சுரங்கவழி (விபிஎன்) போதும். அதிலும் ஒரு முனைக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். இரண்டுக்கும் இல்லையென்றால் வெளியில் ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, மண்டபத்து ரூட்டரையும் தலைவரின் கைப்பேசியையும் அதற்குப் போய் இணையச் செய்யலாம். இருவருமே உள்ளிருந்து வெளியே போவதால் சிஜிநாட் தடுக்காது. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி வழி மூடாமல் பார்த்துக்கொள்ளும்படி அதில் அமைக்கலாம். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

மின்சாரம் போனால் தாமான் வீட்டு மோடம், ரூட்டர், இரு கன்வெர்ட்டர், மண்டபத்து ரூட்டர் எல்லாமே நிற்கும். 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் இரு பக்கமும் ஒன்று.

ஒரு வீட்டின் இணைப்பை இன்னொரு கட்டடத்துக்குப் பங்கிடலாமா என்பது சேவை ஒப்பந்தத்தைப் பொறுத்தது, படித்துவிட்டு, தேவையானால் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் சொன்னது, அந்தக் கடைசி வீட்டில் இருக்கும் கோயில் செயலாளரின் இணைப்பில் கை வைக்காமல், கோயில் பெயரிலேயே அந்த முகவரிக்கு இன்னொரு லைன் கேட்டுப் பாருங்கள் என்று. மாதக் கட்டணம் கோயில் கணக்கிலிருந்து போகும், நாளைக்கு அவர் வீடு மாறினாலும் யார் யாருக்குக் கடன் என்ற பேச்சு வராது. தோட்ட நிர்வாகிக்கு எழுதும் கடிதத்தில் பள்ளத்தின் பாதையை வரைந்து இணைத்திருக்கிறோம். வடிகாலிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதையும் குறித்திருக்கிறோம், மறுநடவுக்கு வரும் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநருக்கும் அந்தப் படம் தேவைப்படும்.